பிராணவாயுவும் பரம்பொருளும்



அதிகாலையில் திருக்கோயிலின் நடை திறக்கப்படுகின்றது. குருக்கள் கர்ப்பக்கிருகத்தினுள் சென்று முதல் விளக்கை ஏற்றுகின்றார். நான்கு புறமும் கற்சுவர், யன்னல் இல்லை, உள்ளே செல்வதற்கு ஒரேயொரு வாயில். அந்தச் சிறிய இருட்டறையில் திரி நுனியில் சுடர் நின்று எரிகின்றது. அதன் அருகே நின்று குருக்கள் மூச்சு விடுகின்றார். விளக்கும் குருக்களும் ஒரே காற்றையே உண்கின்றனர். அந்தக் காற்றிலுள்ள ஒரே பொருள்தான் சுடரைச் சுடராகவும் மனிதனை உயிருள்ளவனாகவும் வைத்திருக்கின்றது. முன்னோர் அதனைப் பிராணன் என்று போற்றினர். பாடசாலைப் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் அதனை ஒட்சிசன் என்று படிக்கின்றனர்.

சைவம் இறைவனுக்கு எட்டுத் திருமேனிகளைக் கூறும். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்பன அவை. அட்டமூர்த்தம் என்று இதனைக் கூறுவர். இவற்றுள் காற்று வடிவாக எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் தலம் திருக்காளத்தி. ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிப் பரவிய தலம் அது. வேடராகப் பிறந்த கண்ணப்ப நாயனார் தமது கண்ணையே பெயர்த்து அப்பிய இடமும் அதுவே. அங்கே கருவறையில் காற்றுப் புகாத போதும் ஒரு தீபம் அசைந்துகொண்டே இருக்கும் என்று சென்று வந்தோர் சொல்வர். இலங்கைக்கும் இந்த வாயுவுக்கும் உறவுண்டு. ஆதிசேடனுக்கும் வாயுபகவானுக்கும் யார் பெரியவர் என்று போட்டி மூண்டது. மேருமலையின் சிகரங்களை ஆதிசேடன் தன் படங்களால் இறுக மூடிக்கொள்ள, வாயு பெருங்காற்றாய் வீசிச் சில சிகரங்களைப் பிடுங்கி எறிந்தது. அவற்றுள் ஒன்று விழுந்த இடமே திருக்கோணமலை என்பது புராண மரபு. அதனால் அது தென்கயிலை எனப்படுகின்றது.

உபநிடதங்களில் மற்றொரு போட்டி கூறப்படுகின்றது. சாந்தோக்கியத்திலும் பிருகதாரண்யகத்திலும் வரும் இக்கதையை எத்தனை முறை சொன்னாலும் தகும். உடம்பிலுள்ள புலன்களும் பிராணனும் தமக்குள் யார் பெரியவர் என்று வழக்கிட்டன. பிரமனிடம் போய்க் கேட்டன. உங்களுள் எவர் வெளியேறினால் இவ்வுடம்பு மிகவும் இழிந்ததாகத் தோன்றுமோ அவரே பெரியவர் என்று பிரமன் சொல்லிவிட்டார். முதலில் வாக்கு வெளியேறி ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தது. ஊமையைப் போல உடம்பு வாழ்ந்திருந்தது. கண் போய்வந்தது, குருடரைப் போல வாழ்ந்திருந்தது. காது போய்வந்தது, செவிடரைப் போல வாழ்ந்திருந்தது. மனமும் போய்வந்தது, சிறு குழந்தையைப் போல வாழ்ந்திருந்தது. கடைசியாகப் பிராணன் எழுந்தது. ஓராண்டு என்ன, ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. கட்டியிருந்த முளைகளை நல்ல குதிரையொன்று பிடுங்கிக்கொண்டு எழுவதைப் போல, அது மற்ற எல்லாப் புலன்களையும் வேரோடு பெயர்க்கத் தொடங்கியது. உடனே எல்லாம் பதறி, ‘நீயே பெரியவன், போகாதே’ என்று வணங்கி நின்றன.

வைத்திய சாத்திரமும் இதனையே வேறு மொழியில் சொல்கின்றது. உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர்தரிக்கலாம். நீரின்றிச் சில நாட்கள் இருக்கலாம். ஒட்சிசன் இன்றேல் நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கிவிடும். உடம்பின் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதமே. ஆயினும் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 வீதத்தை அது ஒன்றே உண்டுவிடுகின்றது. புலன்களுக்கெல்லாம் தலைவனாக இருக்கும் மூளையே பிராணனிடம் மிகக் கூடுதலாகக் கையேந்தி நிற்கின்றது!

ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சுக்கள் 21,600 என்பது யோக நூல்களின் கணக்கு. அடியவர்கள் இதனை வகுத்துப் பார்க்கலாம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 15 மூச்சு. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை சுவாசிப்பார் என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். கடிகாரம் இல்லாத காலத்தில் கண்மூடி அமர்ந்து எண்ணியவர்களின் கணக்கு இது. சுற்றிலும் உள்ள காற்றில் 78 வீதம் நைதரசன். ஒட்சிசன் 21 வீதம் அளவிலேயே உண்டு. உள்ளே போகும்போது 21 வீதமாக இருந்த ஒட்சிசன் வெளியே வரும்போது 16 வீதம் அளவில் குறைந்திருக்கும். அந்த இடத்தைக் காபனீரொட்சைட்டு நிரப்பியிருக்கும். நுரையீரலினுள் கோடிக்கணக்கான சிற்றறைகள் உள்ளன. அவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும். லயத்து வீடுகள் பலவற்றின் தரை அதைவிடச் சிறியது. நெஞ்சுக்குள் அத்தனை பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டி வைத்தவன் யார்?

உள்ளே வந்த ஒட்சிசன் போகும் வழியைத் தெமோதரை மக்களுக்கு விளக்க வேறு உவமை தேவையில்லை. எல்லவிலிருந்து வரும் புகையிரதம் 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரை நிலையத்தில் நிற்கின்றது. அங்கிருந்து புறப்பட்டு மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து பதுளை நோக்கிப் போகின்றது. தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய கங்காணி ஒருவரைக் கண்டே இந்த வளைவுக்கு யோசனை பிறந்தது என்று மலையகத்தில் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், குருதியும் அப்படித்தான் ஓடுகின்றது. இதயம் என்னும் நிலையத்திலிருந்து புறப்படும் குருதி நுரையீரலுக்குப் போய் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு மறுபடியும் அதே இதயத்துக்கே வருகின்றது. பிறகு மறுபக்க வாயிலால் புறப்பட்டு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டு மீண்டும் வருகின்றது. ஓய்வாக இருக்கும் உடம்பில் இந்த முழுச் சுற்றும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சரக்கு இறங்கும் இடத்தில் நடப்பது என்ன? அங்கேதான் கருவறை விளக்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1774 ஓகஸ்ட் முதலாம் திகதி இங்கிலாந்தில் யோசேப்பு பிரீஸ்ட்லி என்பவர் செந்நிற இரசக் கலவையொன்றை வில்லையால் சூரிய ஒளியைக் குவித்துச் சூடாக்கினார். அதிலிருந்து வந்த வாயுவில் மெழுகுதிரி பளீரென்று எரியக் கண்டார். அவர் ஒரு மதகுரு என்பது குறிப்பிடத்தக்கது. சுவீடனில் ஷீலே என்ற மருந்தாளர் அவருக்கு முன்னரே அதனைக் கண்டிருந்தார். ஆனால் உலகுக்குச் சொல்லப் பிந்திவிட்டார். அந்த வாயுவுக்கு ஒட்சிசன் என்று பெயரிட்டவர் பிரான்சு நாட்டு லவோசியே. அவரும் லப்பிளாஸ் என்ற கணித மேதையும் 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகின்றது என்று அளந்தனர். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்தனர். கரி எரியும்போது நடக்கும் காரியமே உயிரின் உடம்பினுள்ளும் மெதுவாக நடக்கின்றது என்ற முடிவுக்கு வந்தனர். சுவாசம் என்பது சுடர் தெரியாத எரிதல்!

ஐரோப்பா இதனை அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், உயிர்களின் உடம்பில் தான் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து, பிராணனோடும் அபானனோடும் கூடி உணவைச் செரிப்பதாக அருளிச்செய்தார். தீயையும் மூச்சையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொன்ன அந்த நுட்பம் கவனிக்கத்தக்கது. அதற்காக ஒட்சிசனை இந்துக்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று மார்தட்டுவதும் பொருந்தாது. ஞானிகள் உள்ளே நோக்கி உணர்ந்தனர். விஞ்ஞானிகள் வெளியே நிறுத்து அளந்தனர். இரண்டும் வெவ்வேறு உழைப்பு.

நெற்றியில் அணியும் திருநீறும் இந்தத் தீயோடு தொடர்புடையதே. பசுஞ்சாணத்தை எரித்தால் எரியக்கூடியவை எல்லாம் ஒட்சிசனோடு சேர்ந்து புகையாகவும் ஆவியாகவும் போய்விடுகின்றன. எஞ்சும் வெண்ணீற்றில் உள்ள தாதுக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒட்சிசனோடு கூடி முடிந்தவை. ஆதலால் நீற்றை மறுபடி தீயில் இட்டாலும் அது எரிவதில்லை. எரிய இனி ஒன்றுமில்லாத பொருளையே சைவர் தம் அடையாளமாகத் தேர்ந்துகொண்டனர். அபிடேகத் தீர்த்தமும் அவ்வாறே. ஒன்பது கிலோ நீரில் எட்டுக் கிலோ ஒட்சிசன் இருக்கின்றது. மனித உடம்பின் நிறையிலும் ஏறத்தாழ 65 வீதம் அதுவே.

இந்த வாயு காப்பது மட்டும் செய்வதில்லை. கோயில் வேலை மழைக்காலத்தில் துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கின்றதல்லவா? அந்தத் துரு ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றதன் மிச்சம். ஆதியில் பூமியின் காற்றில் ஒட்சிசன் இருக்கவில்லை. நீலப்பச்சைப் பாசிகள் சூரிய ஒளியைப் பருகி ஒட்சிசனை வெளிவிட, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் தங்கத் தொடங்கியது. அக்காலத்தில் வாழ்ந்த பல நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. அந்த நஞ்சைப் பயன்படுத்தத் தெரிந்த உயிர்கள் பெருகின. அவற்றின் வழியில்தான் மரமும் மாடும் மனிதனும் வந்தனர். ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இனித் தோட்டத்துக்கு வருவோர், ஒட்சிசன் தினமும் கண்முன்னே வேலை செய்வதைத் தேயிலை இஸ்டோரில் காணலாம். மலையில் பறித்த கொழுந்து பச்சை. பெட்டிக்குள் போகும் தூள் கறுப்பு. இடையில் நடந்தது என்ன? கொழுந்தை முதலில் காற்றில் வாட்டுகின்றனர். பிறகு ரோலரில் இட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளிப்படுகின்றது. அந்தச் சாற்றிலுள்ள பொருட்கள் இலையிலேயே இருக்கும் நொதியங்களின் உதவியுடன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்கின்றன. பச்சை இலை மெல்ல மெல்லச் செம்பு நிறம் கொள்கின்றது. வாசனை எழுகின்றது. இதனை நொதிக்க விடுதல் என்று இஸ்டோரில் சொன்னாலும், தோசைமா புளிப்பதைப் போன்ற காரியமன்று இது, ஒட்சிசனின் வேலை. சரியான நேரத்தில் டீமேக்கர் மணத்தையும் நிறத்தையும் பார்த்து அதனைச் சூட்டடுப்புக்குள் அனுப்பாவிட்டால் தேயிலை கெட்டுவிடும். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் விளையும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. காற்றுக்குப் பெயர்போன மாகாணம் இது! வாயுபகவானுக்கு இங்கே வேலை அதிகம்.

கொழுந்துக்கு ஒட்சிசன் குறைவின்றிக் கிடைக்கின்றது. அக்கொழுந்தைப் பறிக்கும் தாய்மாருக்குக் கிடைக்கின்றதா? இந்தக் கேள்வியை ஒரு கோயில் மலரில் கேட்பது பொருந்தாது என்று சிலர் எண்ணலாம். கோயிலுக்கு வருவோரில் பெரும்பாலோர் அவர்களே என்பதால் இங்கேதான் கேட்க வேண்டும்.

குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. நான்கும் நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும். தேவைப்படும் இடத்தில் விட்டுவிடும். கொழுந்துக் கூடை என்றே அதனைச் சொல்லலாம். மலையில் எவ்வளவு கொழுந்து தளிர்த்திருந்தாலும் கூடை இல்லாதவர் எதைச் சுமப்பார்? உணவில் இரும்புச்சத்துப் போதாமல் ஈமோகுளோபின் குறைந்துபோவதைத்தான் இரத்தச்சோகை என்கின்றோம். கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தாலும், கருவுற்றவருக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலும் அது சோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. சுற்றிலும் நல்ல மலைக்காற்று வீசும். நுரையீரலும் நன்றாகவே இழுக்கும். ஆயினும் உடம்பு மூச்சுக்குத் தவிக்கும். ஏற்றத்தில் இரண்டடி வைத்தால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், மாலையில் எழுந்து நிற்க முடியாது. சோம்பேறி என்று வீட்டாரும், பேர் போதாது என்று கங்காணியும் ஏசுவர்.

அது சோம்பலன்று என்பதை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலேயே ஆராய்ந்து நிறுவியிருக்கின்றனர். 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. இரும்புச்சத்துக் கொடுத்து ஈமோகுளோபின் உயர்ந்தபோது தொழிலாளர் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். யாருக்குச் சோகை மிகுந்திருந்ததோ, குறிப்பாக ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையில் இருந்தவர்களுக்கு, முன்னேற்றமும் மிகுந்திருந்தது. அதே பெண், அதே மலை, அதே கூடை. மாறியது குருதியிலிருந்த இரும்பு மட்டுமே. உலகின் பல நாட்டு மருத்துவ மாணவர் இந்த ஆய்வைப் படித்திருப்பர். அதற்குத் தம் உழைப்பைக் கொடுத்த தோட்டத்துப் பெண்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் என்பது தோட்டத்து வழக்கம். ரொட்டியில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பு உறிஞ்சாதபடி தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்கின்றன. உலகமெல்லாம் குடிக்கும் தேயிலைதான், அதை விளைவிப்பவரின் குருதியை மெலிவிக்கின்றது என்பது வேதனையான செய்தி. தேநீரை விடச் சொல்வது நடவாத காரியம், அது வேண்டியதுமில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். பருப்பு, கௌபீ, பயறு, முருங்கையிலை, பொன்னாங்காணி இவற்றோடு சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்கு உடம்பில் சேரும். கிளினிக்கில் கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கின்றனர். குமட்டுகின்றது, மலம் கறுக்கின்றது என்று அதனை அலுமாரியில் சேர்த்து வைப்போர் பலர். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. குமட்டினால் மருத்துவமாதுவிடம் சொல்லி வேளையை மாற்றிக்கொள்ளலாம்.

விரதத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை, கந்தசட்டி, நவராத்திரி என்று வரிசையாக நோன்பிருந்து, பகல் முழுவதும் வெறும் பிளேன்டீயோடு மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் கோயில் வாசலில் மயங்கி விழும் தாய்மாரைப் பார்த்தவர்கள் உண்டு. சாமி வந்துவிட்டது என்று விபூதி போடுவர். சில வேளைகளில் வந்தது சாமியன்று, போனது பிராணன். நோயாளர், கருவுற்றோர், பால் கொடுப்போர் ஆகியோருக்கு விரத விதிகளில் தளர்வு உண்டு. பாலும் பழமும் உண்டு நோற்பதும் நோன்பே. தன் அடியாள் பட்டினியால் வாடுவதைக் கண்டு மகிழும் முருகன் கதிர்காமத்திலும் இல்லை, வேறெங்கும் இல்லை.

அடுப்புப் புகையும் இதே ஒட்சிசனைத் திருடும் கள்வன். காற்றோட்டமில்லாத லயத்து அறையில் ஈர விறகு புகைந்து எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வதில் ஒட்சிசனைவிட அதற்கு 200 மடங்குக்கு மேல் வலிமை. ஒட்சிசன் ஏற வேண்டிய இருக்கையில் அது ஏறி உட்கார்ந்துகொண்டால் இலேசில் இறங்காது. குளிர் தாங்காமல் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமற் போன செய்திகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. சமையலறைக்கு ஒரு புகைக்கூண்டும், திறந்த யன்னலும் வேண்டும். கோயிலிலும் திருவிழாக் காலத்தில் மூடிய மண்டபத்தினுள் கற்பூரமும் சாம்பிராணியும் அளவுக்கு மேல் எரித்து, நெருக்கியடித்து நிற்கும் குழந்தைகளையும் முதியோரையும் இருமவைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு தீபம் காட்டினாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான்.

சமய மேடைகளில் ஒட்சிசனைப் பற்றிச் சொல்லப்படும் சில செய்திகளை இங்கே நேர்செய்வது கடமை. அரசமரம் இரவிலும் ஒட்சிசனைத் தரும், ஆதலால்தான் முன்னோர் அதனைச் சுற்றச் சொன்னார்கள் என்பர். இலைகள் சூரிய ஒளியில்தான் ஒட்சிசனை வெளிவிடும் என்பதை இஞ்சன்ஹவுஸ் என்பவர் 1779 இலேயே காட்டிவிட்டார். இரவில் அரசும் மற்ற மரங்களைப் போலவே சுவாசிக்கின்றது. பசு ஒட்சிசனை வெளிவிடுகின்றது என்பதும், யாகம் வளர்த்தால் காற்றில் ஒட்சிசன் பெருகும் என்பதும் உண்மையல்ல. பசு மனிதனைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகின்றது. தீ ஒட்சிசனை உண்ணும், உண்டாக்காது. அரசைச் சுற்றுவதும் பசுவை வணங்குவதும் வேள்வி செய்வதும் பக்தியின்பாற்பட்டவை. அவற்றுக்குப் பொய்யான சான்று தேடிக் கொடுத்தால், பாடசாலையில் உண்மையைப் படிக்கும் பிள்ளை நாளை மெய்யான பக்தியையும் சேர்த்தல்லவா ஐயுறும்?

மரங்களை வெட்டினால் நாளையே ஒட்சிசன் தீர்ந்துவிடும் என்பதும் அளவுக்கு மீறிய பேச்சே. உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஒட்சிசனில் ஏறத்தாழப் பாதி கடலிலுள்ள நுண்ணிய பாசிகளிலிருந்து வருகின்றது. மரம் வேண்டும் என்பதற்கு ஊவா மலைகளில் வேறு காரணம் இருக்கின்றது. நமுனுகுல மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வேர் பிடிக்காத மண் மழையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் அகப்பட்டவர்களுக்கு இல்லாமற் போனது இந்த மூச்சுத்தான்.

2021 ஆம் ஆண்டையும் எவரும் மறந்திருக்க மாட்டார். கொரோனாத் தொற்றில் நுரையீரல் வீங்கி, காற்றின் நடுவே கிடந்தபடியே மக்கள் காற்றுக்குத் தவித்தனர். அவ்வாண்டு ஏப்பிரல், மே மாதங்களில் இந்திய நகரங்களில் ஒட்சிசன் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றனர். ஓகஸ்டில் இலங்கைக்கும் தட்டுப்பாடு வர, இந்தியாவிலிருந்து கப்பலில் ஒட்சிசன் கொழும்புக்கு வந்தது. விலையில்லாமல் வீசும் பொருளுக்கு விலை வந்ததை அந்த ஒரு வருடத்தில் எல்லோரும் கண்டனர்.

உயரத்துக்கும் பிராணனுக்கும் உள்ள தொடர்பும் சிந்திக்கத்தக்கது. மேலே போகப் போக ஒட்சிசனின் வீதம் குறைவதில்லை. 21 வீதமாகவே இருக்கும். காற்றின் அமுக்கமே குறைகின்றது. 900 மீற்றர் அளவிலுள்ள தெமோதரையில் கடற்கரையைவிட ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவு. உடம்பு அதனை அறிவதுகூட இல்லை. திருக்கயிலையை வலம்வரும் யாத்திரிகர் 5,600 மீற்றருக்கு மேலுள்ள டோல்மா கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். ஒவ்வொரு மூச்சையும் எண்ணியெண்ணி நடக்க வேண்டிய இடத்தில் எம்பெருமான் வீற்றிருக்கின்றான்.

மூச்சை எண்ணுவதையே திருமூலர் ஒரு யோகமாக வகுத்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்குப் 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என்று மாத்திரைக் கணக்குத் தருகின்றார். மூச்சை அடக்கும்போது தவிப்பு வருவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதால் அல்ல. காபனீரொட்சைட்டு சேர்வதால் என்பது இன்றைய உடற்றொழிலியல். யோகி அந்தத் தவிப்போடு பழகி அமைதி காண்கின்றான். புத்தகம் பார்த்து 64 மாத்திரை அடக்க முயல்வது ஆபத்து. இருதய நோயும் குருதி அமுக்கமும் உள்ளவர்கள் குருவின்றி இதனைத் தொடவே கூடாது. மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது எவருக்கும் ஆகும். அதிகாலைக் கொழுந்துக்குப் புறப்படுமுன் வாசற்படியில் அமர்ந்து ஐந்து நிமிடம் இதனைச் செய்யத் தடையேதும் இல்லை.

ஒவ்வொரு பூசையின் தொடக்கத்திலும் குருக்கள் மூக்கைப் பிடித்து ஏதோ செய்வதைச் சிறுவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பர். அது பிராணாயாமம். சங்கற்பத்துக்கு முன் மூச்சை ஒழுங்கு செய்கின்றார். அதன் பின் ஆவாகனம். இரு கைகளிலும் மலரை ஏந்தி, தன் இருதயத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியைச் சுவாசத்தின் வழியே வெளிக்கொணர்ந்து அம்மலரில் இருத்துவதாகப் பாவிக்கின்றார். மலரை மூக்கின் அருகே கொண்டுவந்து மூச்சை மெல்ல விடுகின்றார். பிறகு அந்த மலரைத் திருவுருவத்தின் மேல் சாத்துகின்றார். கும்பாபிடேகத்தின் போது பிராணப் பிரதிட்டை என்று நடப்பதும் உருவத்துக்கு உயிர்மூச்சைத் தாபிப்பதே. இம்முறை திருவிழாவில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் குருக்களின் கையிலுள்ள அந்த மலரைக் கவனித்துப் பார்க்கட்டும். மூச்சுப் பட்டு அதன் இதழ்கள் இலேசாக அசையும்.